மாசிப் பனியைத் தேடி குல்மார்க்: எட்டு நாள் குறிப்புகள்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு – ஸ்ரீநகர்

விமானம் பீர் பஞ்சால் மலையைத் தாண்டும்போது தம்பியும் நானும் ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. உச்சிகள் வெள்ளையாக இருந்தன. அதற்குக் கீழே பழுப்பு நிறம் நிறையவே தெரிந்தது. "அக்கா, இந்தத் தடவையும் அப்படித்தானா?" என்றான்.

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2024 பொங்கல் விடுமுறையில், பனிச்சறுக்குக்குப் பேர்போன இதே குல்மார்க்குக்கு வந்திருந்தோம். எனக்கு ஈரோட்டில் தையற்கடை. பொங்கலுக்குத்தான் சேர்ந்தாற்போல ஒரு வாரம் மூட முடியும், அதனால் அந்தத் தேதி. ஜனவரி நடுவில் காஷ்மீரில் பனி இல்லாமல் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. வந்து பார்த்தால் மைதானம் முழுக்கக் காய்ந்த புல். சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிறவர்கள் கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். குதிரையில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பினோம். ஊர் வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் அங்கே பனி கொட்டுகிறது என்று செய்தி வந்தது.

அதிலிருந்து ஒரு வருடமாக, எந்த வாரத்தில் போக வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மா சொல்வார். அந்த நம்பிக்கையில் மாசி நடுவில் எடுத்தேன். டிக்கெட் போட்டு முடித்த பிறகு, 22ஆம் தேதி குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதவில்லை என்று தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இறங்கியதும் தம்பியின் செல்பேசி ஊமையாகிவிட்டது. வெளி மாநிலத்து பிரீபெய்ட் சிம் இங்கே எடுக்காது. என்னுடையது போஸ்ட்பெய்ட், தப்பித்தோம்.

சாயங்காலம் தங்கும் விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரொட்டிக் கடை. காந்துர் என்கிறார்கள் ரொட்டி சுடுகிறவரை. தந்தூர் அடுப்பின் உள்சுவரில் மாவை அறைந்து ஒட்டி, இரும்புக் கம்பியால் நெம்பி எடுக்கிறார். ஒரு கிர்தா 10 ரூபாய். எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் நின்ற எங்களைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெரியவர் தன் வீட்டிலிருந்து நூன் சாய் கொண்டுவரச் சொன்னார். உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். முதல் வாய்க்கு ரசம் மாதிரி இருந்தது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துப்போனது. காசு கொடுக்க முயன்றதற்கு அவர் முகம் வாடியதைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள் – குல்மார்க்

டாக்ஸி 3,200 ரூபாய். ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். மலையடிவாரத்து டாங்மார்க்கில் வண்டி நின்றதும் கம்பூட்ஸ், கோட்டு வாடகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மேலே முழங்கால் வரை பனி, இது இல்லாமல் விடமாட்டார்கள்" என்றார் ஒருவர். நம்பி ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்தோம். மேலே போனால் பாதை ஈரத்தோடு கறுப்பாகக் கிடந்தது. பணம் போனதை விட, பனி இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டாரே என்பதுதான் வலித்தது.

பனி இல்லாமல் இல்லை. மைதானத்தின் நிழல் பக்கத்தில் வெள்ளை விரிந்திருந்தது. வெயில் பக்கத்தில் இடையிடையே புல் எட்டிப் பார்த்தது. போன வருடத்துக்கு இது எவ்வளவோ மேல்.

பலகை, பூட்ஸ், ஊன்றுகோல் மூன்றும் சேர்த்து நாளுக்கு 1,000. பயிற்சியாளருக்கு எங்கள் இருவருக்குமாக 2,000. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. என்னை தீதி என்றும் தம்பியை பாய் என்றும் கூப்பிட்டார். நாங்கள் அவரை உஸ்தாத் என்றோம். எனக்கு இந்தி அரைகுறை, புனேயில் ஆறு வருடம் இருந்த தம்பிதான் மொழிபெயர்ப்பு.

பூட்ஸ் போடவே அரை மணி நேரம். குளிருக்கு பயந்து இரண்டு கம்பளிக் காலுறை போட்டிருந்தேன். உஸ்தாத் குனிந்து பார்த்து ஒன்றைக் கழற்றச் சொன்னார். இரண்டு போட்டால் கால் நெருக்கி ரத்தம் ஓடாது, குளிர் கூடத்தான் செய்யுமாம். நான்கு கொக்கிகளையும் அவரே மாட்டினார். பாதத்தின் மேலிருக்கும் கொக்கிகளைத் தளர்வாக, கணுக்காலுக்கு மேலிருப்பதை இறுக்கமாக. ரவிக்கைக்கு இடுப்பில் பிடித்து தோளில் விடுவது போல என்று எனக்கு உடனே புரிந்தது.

பத்து மணிக்குத் தரை கண்ணாடி மாதிரி. பலகையின் ஓரம் கீறினால் கரகரவென்று சத்தம். பதினொன்றரைக்கு மேல் இளகி, கால் வைக்க இதமாக இருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது, பலகைக்கு அடியில் சேற்றுத் தண்ணீர். ராத்திரி உறைந்து பகலில் உருகுவது மார்ச் மாதத்துப் பனியின் குணம், இந்த வருடம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது என்றார் உஸ்தாத். அந்த இரண்டரை மணி நேரத்தில் முனைகள் சேர, குதிகால்கள் விரிய, நிறுத்தக் கற்றுக்கொண்டோம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் கோண்டோலா என்கிற கயிற்று வண்டியில், மேலே கோங்டோரி நிலையத்துக்குப் போனோம். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். முதல் கட்டக் கயிற்று வண்டி இன்னும் நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத் தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். கோங்டோரியில் இறங்கியதும் வித்தியாசம் தெரிந்தது. கீழே உருகிய அதே பனி இங்கே உலர்ந்து, மிதித்தால் நறநறவென்றது.

அங்கேதான் உஸ்தாத் நான் ஒரு வருடமாகக் கேட்டுவந்த கேள்விக்குப் பதில் சொன்னார். எந்த மாதம் நல்லது என்று கேட்காதே, நீ எந்த உயரத்தில் சறுக்கப் போகிறாய் என்று முதலில் கேள் என்றார். தேர்ந்தவர்கள் அபர்வத் உச்சிக்குப் போகிறவர்கள். அங்கே ஏப்ரல் வரைக்கும் பனி கிடக்கும், அவர்களுக்குக் காலம் நீளம். பழகுகிறவர்களுக்குக் கீழ் மைதானம்தான் பள்ளிக்கூடம். அங்கே பனி கடைசியாகத்தான் படியும், முதலில் உருகிப் போகும். எங்களைப் போன்றவர்களுக்குக் காலம் சின்னது. டிசம்பரில் வந்தால் தரை நிரம்பியிருக்காது, அடியில் கல்லும் வேரும் பலகையைப் பிடிக்கும். மார்ச்சில் வந்தால் மதியத்தோடு பாடம் முடிந்துவிடும்.

காஷ்மீரிகள் குளிர்காலத்தை நம் கத்திரி வெயில் போல நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் சில்லை கலான், பெரிய குளிர். அப்புறம் இருபது நாள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா, குழந்தைக் குளிர். நாங்கள் வந்திருப்பது குழந்தையிடம். சில்லை கலானில் விழும் பனி உலர்ந்தது, உறைந்து அடித்தளமாக நின்றுவிடும். அதன்மேல் சில்லை குர்த்தில் விழுவதுதான் சறுக்க உகந்தது. தளமே போடாத வருடத்தில் பிப்ரவரியில் எவ்வளவு விழுந்தாலும் சீக்கிரம் போய்விடும் என்றார்.

அப்படியானால் ஜனவரி முப்பதை ஒட்டி வந்தால் சரியா என்றேன். நாள் மட்டும் போதாது என்று மேற்கே கை காட்டினார். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றுச் சுழற்சிதான் இங்கே பனி தருகிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எப்படியோ அப்படி. மாதம் வந்தாலும் அது வர வேண்டும். 2024 ஜனவரியில் எங்களுக்கு நடந்தது அதுதான். குளிர் இருந்தது, காற்று வறண்டிருந்தது.

இறங்கும்போது வானம் மூடிக்கொண்டு வந்தது. இன்று காஷ்மீரப் பண்டிதர்களுக்கு ஹேரத், அவர்களுடைய சிவராத்திரி. ஆப்கானிய ஆட்சியில் ஜப்பார் கான் என்ற ஆளுநர், ஹேரத்துக்குப் பனி விழும் என்ற நம்பிக்கையைப் பொய்யாக்க, பண்டிகையைக் கோடையில் கொண்டாடச் சொன்னாராம். அந்தக் கோடை இரவிலும் பனி விழுந்ததாம். இதைச் சொன்னவர் உஸ்தாத். சிறுவயதில் பண்டிதர் வீட்டிலிருந்து ஹேரத்துக்கு ஊறவைத்த வால்நட் வரும் என்று சொல்லிவிட்டு, சற்றுநேரம் பேசாமல் நடந்தார்.

சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பது நம்மூர்ப் பேச்சு. இங்கே சிவராத்திரிக்குப் பனி வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 26, புதன் – மகா சிவராத்திரி

விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்தேன். எழுப்பியது அமைதிதான். முந்தைய இரவுகளில் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்த தண்ணீர்ச் சத்தம் இல்லை. திரையை விலக்கினால் விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. தம்பியை உலுக்கினேன். இருவரும் சட்டைக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினோம்.

விடுதிப் பையன் தேநீர்த் தட்டோடு வந்தவன், தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்தான். "ஷீன் முபாரக், தீதி." ஷீன் என்றால் பனி. பருவத்தின் முதல் பனிக்குச் சொல்கிற வாழ்த்தாம். முதல் பனி எப்போதோ வந்து போய்விட்டது, இந்த வருடத்துக்கு இதுதான் முதல் பனி மாதிரி என்றான். அவன் அண்ணன் ஸ்லெட்ஜ் இழுக்கிறவர், ஜனவரியில் பாதி நாள் வேலையில்லை. அந்தக் கைகுலுக்கலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. மழை பொய்த்த வருடத்தில் முதல் தூறலுக்கு எங்கள் தாத்தா வாசலில் போய் நின்றது நினைவுக்கு வந்தது.

பயிற்சி மதியம் வரை நடந்தது. புதுப் பனியில் விழுந்தால் வலியில்லை. ஆனால் எழுந்திருப்பது கஷ்டம், கையூன்றினால் முழங்கை வரை உள்ளே போகிறது. குன்றின் மேலிருக்கும் சிவன் கோவிலைக் கீழிருந்தே கும்பிட்டேன். 1915இல் கட்டிய கோவில், 2024 ஜூனில் தீயில் எரிந்தது. அந்த இடம் பனிமூட்டத்தில் மங்கலாகத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 27, வியாழன். பிப்ரவரி 28, வெள்ளி

இரண்டு நாளையும் சேர்த்தே எழுதுகிறேன், இரண்டும் ஒரே நாளாகத்தான் கழிந்தன. பனி நிற்கவில்லை. கோண்டோலா இல்லை, பயிற்சி இல்லை. வியாழன் காலை வராந்தாக் கைப்பிடியின் அடிக்கட்டை மறைந்தது. வெள்ளி மதியம் கைப்பிடியே மறைந்துவிட்டது. முற்றத்தில் இறங்கிப் பார்த்த தம்பிக்கு இடுப்பளவு.

மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அறை வாடகையில் சூடேற்றுவதும் அடக்கம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். வந்தபின் புகாரி அடுப்புக்கு விறகு ஒரு சுமைக்கு 400 ரூபாய் தனி என்றார்கள். நான் சண்டை போட்டேன். பாதியாகக் குறைத்தார்கள். குழாய் உறைந்துபோய் வாளியில் வெந்நீர் வந்தது. தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாகிவிட்டது, அடுப்பருகே வைத்து உருக்கி உதட்டுக்குத் தடவினோம்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ராஜ்மா, சோறு, ஹாக் கீரை. ஹாக் வெறும் எண்ணெய், மிளகாய், உப்பில் தண்ணியாக வேகவைத்தது, கீரைக் குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவில். வெள்ளிக்கிழமை தாமரைத் தண்டில் யக்னி செய்தார் சமையல்காரர், தயிரில் சோம்பு மணக்க. தட்டு 220 ரூபாய், இரண்டாவது முறை போட்டதற்குக் காசு வாங்கவில்லை.

அவர் தன் ஃபெரனை, காஷ்மீரிகளின் தொளதொளத்த நீள அங்கியை, எனக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். வாங்கியதும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், தொழில் புத்தி. அடிவிளிம்பை நான்கு விரல் அகலம் மடித்துத் தைத்திருக்கிறது, நீளமான கைத்தையல். பக்கவாட்டில் பிளவே இல்லை. இருந்தால், உள்ளே பிடித்துக்கொள்ளும் காங்கிரி என்ற தணல் சட்டியின் சூடு வெளியே போய்விடும். முன்பக்கத்தில், வயிற்றுக்கு நேர் உள்ளே, மிளகளவில் ஏழெட்டுப் பொத்தல்கள். நெருப்புப் பொறி தெறித்து விழுந்தவை. ஒவ்வொன்றையும் அதே நிற நூலால் இழையோடிழை பின்னி அடைத்திருந்தார் அவர் மனைவி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அப்படி ஒரு கைவேலை என் கடையில் யாருக்கும் வராது.

பக்கத்து அறையில் ஐரோப்பியப் பெரியவர் ஒருவர். பல வருடங்களாக வருகிறாராம். எந்த வாரம் என்று கணிப்பதை அவர் விட்டுவிட்டார், மூன்று வாரம் முழுதாகத் தங்குகிறார். புயல் ஒன்று, புயலுக்குப் பிந்தைய தெளிவு ஒன்று, இரண்டும் கிடைத்துவிடும் என்றார். நமக்கு மூன்று வாரம் முடியாது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: புயல் நாளைப் பயண நாளாகக் கணக்கில் சேர்க்காதே, அதற்குப் பின்னால் வரும் நாட்களைத்தான் வாங்க வேண்டும். கை சூடேற்றும் பொட்டலம் நான்கு கொடுத்தார்.

வெள்ளி மாலை உஸ்தாத் பார்க்க வந்தார். உச்சி திறந்ததும் ஓடுகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். 2023 பிப்ரவரி 1இல் அபர்வத் சரிவில் பனிச்சரிவில் சிக்கி போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22இல் ரஷ்யர் ஒருவர். எல்லாரும் கொண்டாடுகிற மாதம்தான் ஆளையும் கொண்டுபோகிறது. புதுப் பனி பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும், ரோந்துக்காரர்கள் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும், பொறுமையில்லாதவர்களுக்கு இந்த மலை வேண்டாம் என்றார். அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

மார்ச் 1, சனி

வெயில். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. தேவதாரு மரங்கள் ஒவ்வொன்றும் சோற்றுப் பருக்கையை அள்ளி வைத்த மாதிரி கிளைகளில் பனியைத் தாங்கி நின்றன. காற்றடித்தால் ஒரு கிளை உதறும், பொடியாகப் பறந்து வெயிலில் மினுங்கும்.

எங்களுக்கு இருந்தது அரை நாள். மறுநாள் விமானம், இரண்டு மணிக்கு மலையிறங்கியாக வேண்டும். இரண்டாம் கட்டக் கோண்டோலா திறக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. மைதானத்தில் இடுப்பளவுப் பனியில் பழகுகிறவர்களால் எதுவும் செய்ய முடியாது. இயந்திரம் வந்து அமுக்கிச் சமன்செய்த பிறகுதான் எங்களுக்கு வழி. அதற்குப் பத்தரை ஆனது.

அதன்பின் கிடைத்த மூன்று மணி நேரம். பலகைக்கு அடியில் சத்தமே இல்லை. இடது காலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்புகிறது, வலது காலை அழுத்தினால் இடப்பக்கம். திங்கட்கிழமை கண்ணாடித் தரையில் பயந்து பயந்து செய்ததெல்லாம் இப்போது உடம்பு தானாகச் செய்தது. பன்னிரண்டு மணி வாக்கில் மேலிருந்து கீழ் வரை விழாமல், ஏழு திருப்பம் திரும்பி வந்து நின்றேன். உஸ்தாத் கை தட்டவில்லை, மேலே போ என்று சைகை காட்டினார். தம்பி நான்கு முறை விழுந்து, ஐந்தாவது முறை வந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழுதோம், சிரிக்கவும் செய்தோம்.

இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. முன்னால் இரண்டு நாள் வந்ததற்குப் பதிலாகப் பின்னால் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிறதாக, கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுத்திருக்க வேண்டும்.

இறங்க, சக்கரத்தில் சங்கிலி கட்டிய சூமோ வண்டி. 13 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு வளைவில் எதிர் வண்டி குறுக்கே நின்றுவிட, பின்னால் வந்த வண்டிகளிலிருந்து பதினைந்து பேர் யாரும் கூப்பிடாமல் இறங்கித் தள்ளினார்கள். தம்பியும் தள்ளினான். டாங்மார்க்குக்குக் கீழே பனி மழையீரமாக மாறிவிட்டது, ஸ்ரீநகரில் வெறும் சேறு.

இரவு ரமலான் பிறை தெரிந்த அறிவிப்பு வந்தது. கடைகளில் பேரீச்சம்பழம் வாங்கக் கூட்டம்.

மார்ச் 2, ஞாயிறு – ஸ்ரீநகர்

நான்கரை மணிக்கு முன்பே தெருவில் பறைச் சத்தம். நோன்பின் முதல் நாள், சஹர் உணவுக்கு ஊரை எழுப்புகிறவர் அடித்துக்கொண்டு போகிறார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஃபெரன் போட்ட ஒருவர், கையில் சின்ன விளக்கு, சந்துக்குச் சந்து நின்று அடித்தார். வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது.

விடுதிக்காரர் கீழிருந்து கூப்பிட்டார். பகலில் அடுப்பு எரியாது, விமானத்துக்கு முன் ஏதாவது சாப்பிடுங்கள் என்று தன் குடும்பத்தோடு உட்காரவைத்தார். சோறு, முந்தைய நாள் கோழிக் குழம்பு, கிர்தா, நூன் சாய். அவர் அம்மா என் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

பையிலிருந்த என் ஆர்டர் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அடுத்த வருடம் பிப்ரவரி 1 முதல் 12 வரை ரவிக்கை, சுடிதார் எதுவும் எடுப்பதில்லை என்று எழுதிக் கோடு போட்டிருந்ததைத் தம்பியிடம் காட்டினேன். அவன் அதை இந்தியில் அவர்களுக்குச் சொன்னான். அந்த அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சில்லை குர்த்" என்றார், இன்னொரு கிர்தாவை என் பக்கம் நகர்த்திவிட்டு.